மூன்றாம் பகுதி காலியாக இருக்கட்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவில் மத்திய இயங்குமுறை ஆய்வு நிலையம் என்று ஒரு பலகை இருந்தது. நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிப்பதற்காக அதைத் திறந்திருந்தார்கள். தயாரித்து முடித்துவிட்டால் நிலையத்தை மூட வேண்டியிருக்கும் என்பதால் எட்டு வருடமாக அவசரப்படாமல் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். நிரந்தர ஊழியர்கள் பதினொரு பேர். அவர்களுக்கு நாற்காலி முதுகில் பூத்துவாலை உண்டு, வருகைப் பதிவேட்டில் மையால் கையெழுத்துப் போடும் உரிமை உண்டு. தற்காலிக ஊழியர்கள் ஆறு பேர். அவர்கள் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இந்த ஆறு பேரிடம் இருந்தது.

கம்ப்யூட்டர் சூடு தாங்காது என்று டெல்லியிலிருந்து ஒரு ஏசி வந்தது. இயக்குநர் ஜானகிராமன் அதைத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு ஒரு மேசை விசிறி கொடுத்தார். "ரெண்டும் அரசாங்கச் சொத்துதானே, எது எங்க இருந்தா என்ன" என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார்.

நாகம்மா அந்த ஆறு பேரில் ஒருத்தி. மண்ணூர்பேட்டைக்காரி. பாலிடெக்னிக் முடித்து எண்பத்தாறில் தற்காலிகமாகச் சேர்ந்தவள், தொண்ணூற்றொன்று முடிகிறவரை தற்காலிகமாகவே இருந்தாள். வருகிற ஏப்ரலில் அவளுக்கு முப்பத்திரண்டு வயது நிறைகிறது. அதற்குப் பிறகு எந்த அரசு வேலைக்கும் மனுப் போட வழியில்லை. ஆறு வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததை மார்ச் 31க்குள் நிரூபித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் அன்றோடு சரி என்பது விதி. அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவளால்தான்.

ஆறு வருடத்தில் அவள் நாற்பத்தொரு ஃபங்ஷன்கள் எழுதியிருந்தாள். ஃபங்ஷன் என்றால் மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்குகிற சின்னக் கட்டளைத் தொகுப்பு; இவளுடையவை தேதிக் கணக்குக்கானவை. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அது அரசு விடுமுறையா, ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் எது என்றெல்லாம் அவை சொல்லும். நிலையத்தில் உருப்படியாக ஓடிய ஒரே புரோகிராம், ஊழியர்களின் ஓய்வுப் பட்டியல் போடுகிற புரோகிராம், இவற்றை நம்பித்தான் ஓடியது. வேறு எந்த இயந்திரத்திலும் இவை இல்லை. அதுதான் வினையாக வந்து முடிந்தது.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து இரண்டு புத்தகங்கள் விமானத்தில் வந்து இறங்கின. ஒன்று சி என்ற புரோகிராம் மொழிக்கான தர நிர்ணயம், இன்னொன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான தர நிர்ணயம். எந்தெந்த ஃபங்ஷன் இருக்க வேண்டும், எந்த ஹெடர் கோப்பில் அதன் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. ஜானகிராமன் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். படிக்க வேண்டுமென்றால் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் தர வேண்டும். பிறகு ஒன்பது பேர் கொண்ட ஹெடர் கோப்பு ஒழுங்கமைப்புக் கமிட்டியை அமைத்துத் தானே தலைவரானார். சி மொழி தெரிந்தவர்கள் பாரபட்சம் காட்டக்கூடும் என்பதால், தெரிந்த யாரையும் அதில் சேர்க்கவில்லை. குறிப்பெடுக்க மட்டும் நாகம்மாவைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

முதல் கூட்டத்தில் ஜானகிராமன் அரை மணி நேரம் பேசினார். "தரம் என்றால் என்ன? நமக்குத் தெரியாததை யாரோ நமக்கு மேலே உள்ளவர்கள் எழுதி வைத்திருப்பது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆரம்பித்தால் அதற்குள்ள மரியாதை போய்விடும். ஆகவே நாம் படிக்காமல் கடைப்பிடிக்க வேண்டும்." எட்டு பேர் கை தட்டினார்கள். நாகம்மா இதையும் குறிப்பெடுத்தாள்.

ஹெடர் கோப்பு என்பது ஒரு பெயர்ப் பட்டியல். இன்ன ஃபங்ஷன் இருக்கிறது, இன்னது கேட்கும், இன்னது திருப்பித் தரும் என்று, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற அறிவிப்பு. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் அந்தக் காலத்துக் கம்பைலர் சண்டை போடாது. திரும்பி வருவது ஒரு சின்ன எண்தான் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்ளும். வருவது பெரிய எண்ணாக இருந்தால் பாதியை வெட்டிக் கீழே போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். இவ்வளவுதான் விஷயம். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், கேட்க ஆளிருந்தால்.

கமிட்டி ஏழு மாதம் கூடியது. பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதிலேயே இரண்டு மாதம் போயிற்று. பணிமூப்புதான் முறை என்றார் எஸ்டாபிளிஷ்மென்ட் சூப்பிரண்டு கோவிந்தன். ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தத் தேதியில் பணியில் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி நாகம்மாவுக்கு உத்தரவு வந்தது. தேதி தெரியாதவற்றுக்கு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அடுத்து 'கில்' என்ற ஃபங்ஷன் வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்கு நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்புவது அதன் வேலை. பெயரைக் கேட்டதும் கமிட்டிக்கு வேர்த்துவிட்டது. கொலை என்று பெயர் வைத்த ஒன்றை ஒரு அரசு நிலையம் அறிவிப்பதா? போலீசில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நாகம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். ரைட்டர் மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, "இன்னாம்மா இது, யாரு செத்தது?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றாள். "அப்போ இன்னாத்துக்கு இங்க வந்து பேஜார் பண்ற? செத்தப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார். அதைப் பதிலாக ஏற்றுக்கொண்ட கமிட்டி, அந்த ஃபங்ஷனை யாராவது சாகும்வரை நிறுத்தி வைத்தது.

'ரீநேம்' என்ற ஃபங்ஷன் இரண்டு புத்தகத்திலும் இருந்தது. கோவிந்தன் கொதித்துப் போனார். ஒரே ஆள் இரண்டு ரேஷன் கார்டில் பெயர் வைத்திருப்பது குற்றம் என்றார். எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று அதுவே எழுத்துமூலம் தெரிவிக்கும்வரை இரண்டிலிருந்தும் நீக்கினார்கள். காத்திரு என்று பொருள்படும் 'வெயிட்' ஃபங்ஷன் மட்டும் ஒரே நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தாங்காமல் நாகம்மா ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். ஹெடர் கோப்பை மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். முதல் பகுதியில் மொழிப் புத்தகத்தில் உள்ளவை, இரண்டாவதில் ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தில் உள்ளவை, மூன்றாவதில் இந்த நிலையத்தின் சொந்தச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு வைத்துவிட்டால், புரோகிராம் எழுதுகிறவர் எந்தக் கதவைக் கேட்கிறாரோ அது மட்டும் திறக்கும். யாருடைய பெயரோடும் யாரும் மோத வேண்டியதில்லை. புத்தகம் எழுதியவர்களே இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டு, அந்தப் புத்தகத்தின் முதல் நாற்பது பக்கத்தை அவள் படித்திருந்தாள்.

கமிட்டி அதை வெகுவாகப் பாராட்டியது. தீர்மானம் இப்படி வந்தது: 'மூன்று பகுதிகள் என்ற யோசனை கொள்கை அளவில் ஏற்கப்படுகிறது. மூன்றாம் பகுதியில் சேர்க்கக் கோரும் நாற்பத்தொரு ஃபங்ஷன்களுக்கு எந்த அயல்நாட்டுத் தரச் சான்றும் இல்லாததால், மூன்றாம் பகுதி காலியாக இருக்கட்டும். அறிவிப்பு இல்லாத எந்த ஃபங்ஷனும் இந்த நிலையத்தைப் பொறுத்தவரை இல்லாததாகவே கருதப்படும். எந்த ஊழியரும் தன் புரோகிராமுக்குள் சொந்தமாக அறிவிப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.' கீழே ஒன்பது கையெழுத்து, எல்லாம் மையில்.

ஜனவரியில் அவளுடைய நிரந்தர ஃபைல் கோவிந்தன் மேசைக்கு வந்தது. அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் கேட்டார்.

"ஆறு வருஷம் என்னம்மா பண்ணே?"

"நாப்பத்தொரு ஃபங்ஷன் எழுதியிருக்கேன் சார்."

"எந்த ஹெடர்ல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். கமிட்டிதான் சேர்க்க வேணாம்னு சொல்லிடுச்சு."

"அப்போ அதெல்லாம் இல்லாதது. தீர்மானமே இருக்கு, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இல்லாததை எழுதினேன்னு நீ சொன்னா ஆடிட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆறு வருஷம் சும்மா உக்காந்திருந்தேன்னுதான் ஆகுது. பதிவேட்டுல பார்த்தா பென்சில் கையெழுத்து வேற. பாதி அழிஞ்சு போச்சு."

ஃபைலில் 'பணி நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதி மூடினார். எழுதும்போது அவர் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் நாகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள்.

எஸ்டேட் வாசல் டீக்கடையில் ஜாபர் அலி அவளைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், பூந்தமல்லிக்காரர், அவரும் ஏழு வருடமாகப் பென்சில்தான்.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அடப்பாவிங்களா. அந்த லிஸ்டு புரோகிராமே உன்னுதுதானே? உன் ஃபங்ஷன் இல்லேன்னா அது இன்னாத்த கிழிக்கும்?"

"ஓடும் பாய். மெஷின் லைப்ரரியில ஃபங்ஷன் அப்டியே கீது, அறிவிப்பு மட்டும்தான் இல்ல. ரிடையர் ஆவுற நாளை, ஆறாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து எண்ணி, நான் ஒரு பெரிய எண்ணாத்தான் அனுப்புறேன். அறிவிப்பு இல்லாங்காட்டி கம்பைலரு அதுல பாதியை வெட்டிடும். இன்னிக்கித் தேதி அமெரிக்காக்காரன் ஃபங்ஷன்லேர்ந்து வருது. அதுக்கு அறிவிப்பு கீது, அது முழுசா வந்துடும்."

ஜாபர் அலி கிட்டே நகர்ந்தார். "அப்போ எல்லாரும் எப்பவோ ரிடையர் ஆனா மாதிரி காட்டுமா?"

"எல்லாரும்னா நிரந்தரம் பதினொரு பேரு. நம்ம பேரு அந்த லிஸ்டுலியே இல்ல. வேலையில சேர்ந்தாத்தானே ரிடையர் ஆவ முடியும்."

"ஒரு வரி எழுதினா சரியாயிடுமா?"

"ஒரு வரிதான். எழுதக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "எழுத்துல சொல்லிடு தங்கச்சி. ரெண்டு தபா சொல்லிடு. அப்பால உன் மேல ஒரு தூசு ஒட்டாது."

அப்படியே செய்தாள். புதிய ஹெடரோடு கம்பைல் செய்தால் ஓய்வு நாள் தவறாக வரும் என்று பிப்ரவரியில் ஒரு கடிதம், மார்ச்சில் ஒரு கடிதம். இரண்டையும் ஜானகிராமன் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது: 'இல்லாத ஃபங்ஷன்களால் தவறு நேர வாய்ப்பில்லை. கோப்பில் வைக்கவும்.' முதல் கடிதத்தை அவள் நியாயமாகத்தான் எழுதினாள். இரண்டாவதை எழுதும்போது, இவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு எழுதினாள்.

மார்ச் 30, திங்கட்கிழமை, வெளியீட்டு விழா. டெல்லியிலிருந்து ஒரு கூடுதல் செயலர் வந்திருந்தார். பந்தல், மைக், கேசரி எல்லாம் இருந்தன. அன்று ஒரு நாளைக்கு மட்டும் கம்ப்யூட்டரை ஏசி அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஜானகிராமன் பேசினார்.

"இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எங்கள் கமிட்டியின் அனுமதி இல்லாத ஒரு ஃபங்ஷன்கூட இல்லை. தப்பு வர வழியே இல்லை, ஏனென்றால் தப்புச் செய்யக்கூடிய எவரையும் நாங்கள் அருகில் விடவில்லை. நம்பிக்கைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஓய்வுப் பட்டியலில் நான் கையெழுத்துப் போடுவதையே சென்ற வருடம் நிறுத்திவிட்டேன். இயந்திரம் அச்சடித்ததே இறுதி ஆணை என்று உத்தரவு போட்டுவிட்டேன். எனக்குத் தினமும் கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிறது என்பதற்காக இல்லை."

கூடுதல் செயலர் பொத்தானை அழுத்தினார். பிரின்டர் கடகடவென்று ஓடியது. தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஜானகிராமன், இயக்குநர். ஓய்வு நாள் கடந்தும் பணியில் நீடிப்பது, இருபத்துநாலு லட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு நாட்கள்."

பந்தலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பதினொரு பெயரும் இருந்தன. எல்லாருக்கும் இருபத்துநாலு லட்சத்துக்குக் குறையவில்லை.

"இது மெஷின் கோளாறு" என்றார் ஜானகிராமன்.

"அரை மணிக்கு முன்னாடி தப்பு வர வழியே இல்லைன்னு மைக்ல சொன்னது யாரு?" என்று செயலர் கேட்டார். "அதை நான் குறிப்பெடுத்திருக்கேன். அது பொய்யா, இது பொய்யா?"

செயலர் நாகம்மா பக்கம் திரும்பினார். "நீதானேம்மா கம்பைல் பண்ணது? அறிவிச்ச ஃபங்ஷன் எதுலயாவது தப்பு இருக்கா?"

"அறிவிச்சது எதுலயும் தப்பு இல்ல சார்" என்றாள் நாகம்மா. ஆறு வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக ஒரு உண்மையைச் சொன்னதில்லை.

செயலருக்கு அதற்கு மேல் விசாரிக்க ஆசை இல்லை. அவர் பையிலேயே ஒரு சுற்றறிக்கை இருந்தது. மைக்கைப் பிடித்தார். "மேலிடத்திலிருந்து ஆட்குறைப்புச் செய்யச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஒவ்வொரு அலுவலகமும் குறைக்க ஆளில்லை என்று எழுதுகிறது. குறைக்க வேண்டும் என்று எழுதுவதற்கே நாங்கள் பதினாறு பேரைப் புதிதாக எடுத்தோம். இங்கே ஓர் இயந்திரம் யாரையும் கேட்காமல் குறைத்துக் கொடுத்திருக்கிறது. எண்ணிக்கைதான் முக்கியம், காரணம் கேட்பது என் வேலை இல்லை." மறுநாளிலிருந்து பதினொரு பேரும் ஓய்வு. ஏற்கனவே கேசரி இருந்ததால் அதையே பிரிவுபசார விழாவாகவும் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் செயலருக்கு ஒரு சங்கடம் தெரிந்தது. நிரந்தர ஊழியரே இல்லாத நிலையத்தை இழுத்து மூட வேண்டும். மூடினால் அதை மேற்பார்வை பார்க்கிற அவருடைய பதவியும் போய்விடும். ஆட்குறைப்பு தன் நாற்காலிவரை வருவதை அவர் விரும்பவில்லை. மார்ச் 31 மாலை ஐந்தே முக்காலுக்கு, ஆறு தற்காலிக ஊழியர்களுக்கும் நிரந்தர ஆணை கையெழுத்தானது. ஆறு வருடம் என்ன செய்தாய் என்று நாகம்மாவை அவர் கேட்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி புதிய ஹெடர் கமிட்டி டீக்கடையில் கூடியது. ஆறு பேர், தலைவர் ஜாபர் அலி. இனி அடுத்த பட்டியலில் ஆறு பேர் பெயரும் வரும், ஹெடரைச் சரி பண்ணாவிட்டால் அந்த இயந்திரம் இவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் கூட்டம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. நாற்பத்தொரு ஃபங்ஷன்களும் மூன்றாம் பகுதியில் ஏறின. 'கில்'லுக்கும் 'ரீநேமு'க்கும் விடுதலை கிடைத்தது. ஏசியைக் கழற்றிக் கம்ப்யூட்டர் அறையில் மாட்டினார்கள்.

அடுத்த வாரம் ஜானகிராமன் வந்தார். அலுவலகக் காரை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டதால் நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரோ சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"இப்ப சரியா ஓடுதாமே. என் பேரைப் போட்டுப் பாரும்மா."

நாகம்மா போட்டுப் பார்த்தாள். பணி முடிய இன்னும் இரண்டு வருடம் ஐந்து மாதம் இருக்கிறது என்று இயந்திரம் சொன்னது. அவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதை டெல்லிக்கு அனுப்பு. அன்னிக்கி வந்தது தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, போதும்."

"எழுத முடியாது சார். திருத்தம் ஏப்ரல் ஒண்ணுலேர்ந்துதான் செல்லும். அதுக்கு முன்னாடி வந்த லிஸ்டு அப்ப இருந்த ஹெடர்படி சரிதான். அதுல ஒன்பது பேர் கையெழுத்து இருக்கு."

அவர் நின்றபடியே தாளை மடித்துப் பையில் வைத்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். ரெண்டையும் நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க."

ஐயோ பாவம் என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அந்த ஒரு நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது கழிந்தது. பிறகு எழுந்து வாசல்வரை வந்து, கை நீட்டி வழி காட்டினாள்.

"இவ்ளோ வெயில்ல நடக்காதீங்க சார். அந்தப் பக்கம் மரத்தடியில நில்லுங்க, பஸ் வரும்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய் மரத்தடியில் நின்றார். அந்த ஸ்டாப்பிங்கை எடுத்து எட்டு மாதம் ஆகிறது என்பதை நாகம்மா அவருக்கு அறிவிக்கவில்லை.